ரேடியோவின் அமைதி வேளை

அந்த வீட்டில் பேசுவதற்கு யாரும் முறை வைத்துக் காத்திருந்ததில்லை. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிட வேண்டும். அவர் முடிக்கட்டும் என்று மரியாதை பார்த்தால் சொல்ல வந்த விஷயம் தொண்டையிலேயே கிடந்து ஊசிப்போகும். அப்பா கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளரின் தலை தன் கையில் இருக்கும்வரை அந்த ஆள் எங்கேயும் ஓட முடியாது என்ற தைரியத்தில் நாள் முழுக்கப் பேசியே பழகியவர். அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தாலும் குரல் இறங்காது. மூத்த அண்ணன் டாக்சி ஓட்டினான், இளையவன் போன் விற்றான். இருவருக்கும் வாய்தான் பாதிப் பிழைப்பு. கூடவே இருந்த அத்தைக்கு ஒரு காது கேட்காது. அடுத்தவர் பேசுவது விழாததால் அவர் பாட்டுக்குத் தனி ஆவர்த்தனம் நடத்துவார்.

இவர்களுக்கு நடுவில் கடைக்குட்டியாக ஒரு பெண். அவள் எப்படி இருப்பாள்? முதல் வார்த்தை பேசிய நாளிலிருந்து வாய் ஓயவில்லை. தூக்கத்தில்கூடப் பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, காலையில் எழுந்ததும் மீதியை முடிப்பாள் என்று அண்ணன்கள் சத்தியம் செய்வார்கள். பள்ளியில் அவளை வகுப்பின் எந்த மூலைக்கு மாற்றினாலும் அந்த மூலை கலகலத்துவிடும். தெருவே அவளை ரேடியோ என்று கூப்பிட்டது. நாமும் அப்படியே கூப்பிடலாம், அவளுக்கு அதில் கோபமில்லை.

இந்த ரேடியோவுக்கு இப்போது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அவசர உதவிக்கு யாராவது போன் செய்தால் எடுத்துப் பேசுகிற வேலை. தகுதிகாண் காலம் முடியப்போகிறது, நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கிய வேலைகளிலேயே அவள் ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான். அவள்மேல் புகார் ஒன்று இருந்தது. அது என்ன என்று கேள்விப்பட்டபோது வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எதிர்முனையில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் இவர் உடனே அடுத்த கேள்வி கேட்பதில்லை. தேவைக்கு அதிகமாக அமைதியாக இருக்கிறார்.” சூப்பர்வைசர் சொன்னது அதுதான்.

“யாரு, நம்ம ரேடியோவா?” என்று அப்பா மறுபடி மறுபடி கேட்டார். மறுநாள் கடைக்கு வந்த ஒவ்வொரு தலையிடமும் சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. அந்த அமைதி எங்கே கிடைத்தது என்பதற்கு அவளுடைய பதின்மூன்றாம் வயதுக்குப் போக வேண்டும்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் சபையிலிருந்து பிள்ளைகளை ஒரு வார முகாமுக்கு அழைத்துப் போனார்கள். மகள் ஆண்டவரை இன்னும் நன்றாக அறிந்துகொள்ளட்டும் என்று அம்மா போதகரிடம் சொன்னாள். அப்பாவிடம் சொன்ன காரணம் வேறு. ஒரு வாரமாவது நம் காதுக்கு விடுமுறை கிடைக்கட்டும் என்றாள். இதைச் சொன்னது யார் பாருங்கள்!

இம்மாதிரி முகாம்களைப் பற்றிய அறிவிப்புகளில் ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையெல்லாம் வகுப்பெடுத்து வரவழைத்துவிட முடியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. தட்டு கழுவுகிற இடத்திலும் குளியலறை வரிசையிலும், யாரும் திட்டம் போடாத நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு ஏதோ நடக்கிறது. ரேடியோவுக்கும் அப்படித்தான் நடந்தது.

முகாம் ஒரு ஏரிக்கரையில் இருந்தது. பெரிய பெரிய மரங்கள், நீளமான ஓட்டுக் கட்டடம், உள்ளே வரிசையாக இரும்புக் கட்டில்கள். பாட்டு, விளையாட்டு, வேதாகம வகுப்பு என்று காலையிலிருந்து மாலைவரை ஒரே ஆரவாரம். ரேடியோவுக்குச் சொர்க்கம்தான். இரண்டே இரண்டு விஷயங்கள் தவிர.

முதலாவது, அந்தக் கை. அமைதி வேண்டும் என்றால் அங்கே யாரும் கத்த மாட்டார்கள். யாராவது ஒருவர் உள்ளங்கை தெரியும்படி கையை உயர்த்துவார். அதைப் பார்த்தவர் தானும் கையை உயர்த்தி வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவரைப் பார்த்து அடுத்தவர். சாப்பாட்டுக் கூடத்தில் நூறு பிள்ளைகள் போடுகிற கூச்சல்கூட ஒரு கையிலிருந்து பரவி அப்படியே அடங்கிப்போகும். கடைசியாக ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அது யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. கையையும் உயர்த்திக்கொண்டு, அதே சமயம் பக்கத்தில் இருப்பவளிடம் பேசிக்கொண்டும் இருக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இரண்டாவது, அமைதி வேளை. காலை உணவுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு மரத்தடியில் தனியாக உட்கார வேண்டும். வேதாகமம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். பேசத்தான் கூடாது. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று ரேடியோ பக்கத்தில் இருந்தவளைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அரை மணி நேரமா? அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை.

முதல் நாள் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரு யோசனை தோன்றியது. பேசத்தானே கூடாது, ஜெபிக்கலாமே. ஜெபம் பேச்சு ஆகுமா? ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஆண்டவரே, இந்தக் காலைக்காக ஸ்தோத்திரம். இந்த மரத்துக்காக ஸ்தோத்திரம். என் காலில் ஏறுகிற எறும்புக்காகவும் ஸ்தோத்திரம், ஆனாலும் அது இறங்கிவிடும்படி மன்றாடுகிறேன்.”

சமையலறை வரைக்கும் கேட்டது. எறும்பில் தொடங்கி, வீட்டில் இருக்கிற எல்லாருக்காகவும், அப்பா கடையில் தலையைக் கொடுக்கிறவர்களுக்காகவும், ஏரியில் இருக்கிற மீன்களுக்காகவும் அவள் மூச்சு விடாமல் ஜெபித்தாள். மணி அடித்த பிறகுதான் ஆமென் சொன்னாள். அவர்கள் அறைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா தாதியர் படிப்பு படிக்கிறவள், அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்லலாம். ஜெபம் பண்ணாதே என்று எந்த வாயால் சொல்வது, அதுவும் இந்த இடத்தில்? முகாமை நடத்திய போதகரிடம் போய் முறையிட்டாள். அவர் புரையேறும்வரை சிரித்துவிட்டு, ஆண்டவரே பொறுத்துக்கொள்கிறபோது நாமும் பொறுத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் இன்னும் மோசம். ரேடியோவைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஒரு மரத்தடியில் நீச்சல் பயம் போக வேண்டும் என்று விண்ணப்பம், இன்னொரு மரத்தடியில் மதியச் சாப்பாட்டில் காய்கறி குறைய வேண்டும் என்று விண்ணப்பம். அமைதி வேளை சந்தைக்கடை ஆகிவிட்டது. ரேடியோ தன் வெற்றியில் குளிர்ந்து போனாள். தன் அறையில் இருந்த ஒவ்வொருத்திக்காகவும் பெயர் சொல்லி வேண்ட ஆரம்பித்தாள்.

அந்த அறையில் இருந்த ஒரு பெண் முகாமுக்கு வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். பிள்ளைகள் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ரேடியோ அடுத்த மரத்தடியில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி ஜெபித்தாள்: “ஆண்டவரே, பாவம் இந்தப் பூட்டு. இவளுக்கு ஒரு சாவியைத் தாரும். இவள் வாயைத் திறந்தருளும். இவளும் எங்களைப்போல் சந்தோஷமாக இருக்கும்படி செய்தருளும்.” மற்ற மரத்தடிகளிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ ஆமென் வேறு போட்டார்கள்.

காலை உணவு முடிந்து தட்டு கழுவுகிற குழாயடியில் பூட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. முகம் சிவந்திருந்தது. வந்த நாளிலிருந்து அவள் குரலை அப்போதுதான் ரேடியோ கேட்டாள்.

“எனக்காக ஜெபம் பண்ணினியே, எனக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா?”

ரேடியோ அவள் பக்கம் திரும்பினாள்.

“எங்க அம்மாவுக்கு ஆபரேஷன். வீட்ல யாரும் இல்லன்னுதான் என்னை இங்க அனுப்பிட்டாங்க. இங்க எப்பவும் ஒரே சத்தம். காலைல அந்த அரை மணி நேரம்தான் நான் அம்மாவுக்காகக் கேக்க முடியுது. அதையும் நீ எடுத்துக்கிட்ட.” நுரைக் கையை உதறிவிட்டுச் சொன்னாள்: “ஆண்டவர்கிட்ட அவ்ளோ பேசற. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. ரேடியோவுக்குப் பதில் வரவில்லை. பதில் வராமல் அவள் நின்றது அதுவே முதல் தடவை. தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. காய்ச்சலோ என்று அறைக்கார அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் பூட்டுக்கு அடுத்த மரத்தடிக்கே போய் உட்கார்ந்தாள், வாயை மூடிக்கொண்டு. அது எவ்வளவு பெரிய பாடு என்று பேசாத பிறவிகளுக்குப் புரியாது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தொண்டைவரை வந்து முட்டின. உதட்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். ரேடியோ நின்றதும் மற்ற மரத்தடிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. சமையலறையில் கரண்டி உரசுவது கேட்டது. ஏரியில் எதுவோ தண்ணீரைத் தட்டிவிட்டு முங்கியது. தூரத்தில் யாரோ தும்மினார்கள். இதெல்லாம் நேற்றும் இருந்திருக்கும், தன் காதில்தான் விழவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம், பக்கத்து மரத்தடியில் பூட்டு நகத்தால் மரப்பட்டையைச் சுரண்டுகிற சத்தம். சுரண்டல், ஓர் இடைவெளி, அடக்கின விம்மல், மறுபடியும் சுரண்டல்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். பூட்டு எழவில்லை. ரேடியோவும் எழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. என்ன கேட்பது என்று தெரியாததுதான் காரணம், ஞானம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பூட்டு தானாகவே பேச ஆரம்பித்தாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, அதைப் பற்றிப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறார்கள், தனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை, அதனால் தானும் யாரிடமும் பேசுவதில்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“என்ன, தூங்கிட்டியா?”

“இல்ல. கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

சாவி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பூட்டை மூட முடியவில்லை. கடைசி நாள் அவளை அழைத்துப் போக வந்த சித்தி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று சொன்னபோது, இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் முகாமே அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தியது.

வீட்டுக்கு வந்த ரேடியோ அந்தக் கையை வீட்டிலும் அமல்படுத்தப் பார்த்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையை உயர்த்தினாள். கை வலிக்கிறதா என்று அப்பா கேட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறாள் என்று அம்மா பரிமாறினாள். கூரையில் என்ன இருக்கிறது என்று அத்தை அண்ணாந்து பார்த்தார். பேச்சு மட்டும் நிற்கவில்லை. அர்த்தத்தைச் சொல்லிச் சொல்லி இரண்டு மூன்று நாள் முயன்றுவிட்டு விட்டுவிட்டாள்.

ஆனால் அவளுக்குள் ஏதோ திரும்பிவிட்டது. பேச்சு குறைந்தது என்று சொன்னால் தெருவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பேசினாள், மூச்சு விடாமல்தான் பேசினாள். ஆனால் எதிரில் இருப்பவரின் வார்த்தை தடுமாறுகிற இடத்தில் அவளுக்கு நிறுத்தத் தெரிந்தது. ஒருவர் சொல்லி முடித்துவிட்டதாக நினைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் உண்மையான விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டாள். ஒவ்வொரு கோடைக்கும் அந்த ஏரிக்கரைக்குப் போனாள். வயது ஏறியதும் அறைக்குப் பொறுப்பான அக்காவாகவே போனாள். அவள் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் வீட்டில் சொல்லாததையெல்லாம் அவளிடம் கொட்டினார்கள். பூட்டு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறாள். அவள் விலை கூவினால் சந்தையின் அந்தக் கோடிவரை கேட்கும். வாராவாரம் ரேடியோவுக்குப் போன் செய்வாள், போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும்.

இனி கட்டுப்பாட்டு அறைக்கு வருவோம்.

நீளமான அறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஹெட்செட் மாட்டிய ஓர் ஆள், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். சுவரில் பெரிய பலகை. எடுக்கப்படாமல் காத்திருக்கிற ஒவ்வொரு அழைப்பும் அதில் சிவப்பாக மின்னும். சூப்பர்வைசர் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னாலும் ஓர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர், அதனால்தான் வேகம் வேகம் என்று பறந்தார். ரேடியோ ஒருவரிடம் நிதானமாக இருக்கிற நேரத்தில் இன்னொருவர் காத்திருக்கிறார் என்பது அவருடைய கட்சி. அதுவும் நியாயம்தானே? அன்றைக்கு மதியம் அவர் தன் ஹெட்செட்டை அவளுடைய மேசையிலேயே செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னைக்கு உங்க கூடவே இருந்து கேக்கறேன். சாயங்காலம் முடிவு சொல்லிடறேன்.”

முதலில் வந்தவை சாதாரண அழைப்புகள். மாடிப்படியில் வழுக்கியவர், பிரசவ வலி எடுத்த பெண், எரிந்த கை. தன் வழக்கத்தை அடக்கிக்கொண்டு ரேடியோ கேள்விகளைச் சடசடவென்று கேட்டாள். சூப்பர்வைசர் தலையாட்டினார். இப்படியே ஓட்டிவிட்டால் வேலை நம்முடையது என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்த அழைப்பில் யாரும் பேசவில்லை.

“அவசர உதவி. சொல்லுங்க, என்ன ஆச்சு?”

ஒன்றுமில்லை. மறுபடி கேட்டாள். ஒன்றுமில்லை. இப்படி வருகிற அழைப்புகள் ஏராளம். சட்டைப் பையில் கிடக்கிற போன் தானே அழுத்திக்கொள்ளும், குழந்தைகள் விளையாடும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லாவிட்டால் துண்டித்துவிட்டு அந்த எண்ணைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறையும் கேட்டாள். அறையின் இரைச்சல் காதை அடைத்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், கேட்டும் கேட்காததுமாக, எதுவோ உரசியது. பிறகு நின்றது. மறுபடி உரசியது.

சூப்பர்வைசர் துண்டிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பலகையில் இரண்டு சிவப்பு. அவருடைய விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ரேடியோவின் கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை தெரிய, தலைக்கு மேலே. யோசித்துச் செய்யவில்லை. எத்தனையோ கோடைகளில் பழகிய கை, அமைதி வேண்டும் என்றதும் மேலே போய்விட்டது. அவள் என்ன செய்கிறாள் என்றே சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. வேலை போயிற்று என்றுதான் ரேடியோ அந்தக் கணத்தில் நினைத்தாள், ஆனாலும் கையை இறக்கவில்லை.

அறையின் அந்தக் கோடியில், ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லி அனுப்புகிற மேசையில் ஒரு பெரிய மீசைக்காரர் உட்கார்ந்திருப்பார். யாருடனும் அதிகம் ஒட்டாதவர். அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு நொடி முகம் மாறியது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு தன் கையை உயர்த்தினார், உள்ளங்கை தெரிய. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்து உயர்த்தினாள். இன்னது என்று தெரியாதவர்களும், ஏதோ விஷயம் இருக்கிறது என்று கையைத் தூக்கினார்கள். அழைப்பில் இருந்தவர்கள் வாயருகே கையைக் குவித்துக் குரலைத் தாழ்த்தினார்கள். கடைசியாக, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, சூப்பர்வைசரின் கையும் உயர்ந்தது.

அந்த அறை அப்படி அடங்கியதை யாரும் பார்த்ததில்லை.

இப்போது கேட்டது. உரசல். பிறகு தரையில் உலோகம் மோதுகிற மெல்லிய சத்தம். டக். ஓர் இடைவெளி. டக்.

“நான் இருக்கேன்,” என்றாள் ரேடியோ. “கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்களால பேச முடியலன்னா ஒரு தடவை தட்டுங்க.”

டக்.

“சரி. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. அவசரம் வேண்டாம். நான் எங்கயும் போக மாட்டேன்.”

தனியாக இருக்கிறீர்களா? ஆம். விழுந்துவிட்டீர்களா? ஆம். மூச்சு விட முடிகிறதா? ஆம். ஒரு பக்கம் அசைக்க முடியவில்லையா? வெகுநேரம் ஒன்றுமில்லை. பலகையில் சிவப்பு மின்னியது, சூப்பர்வைசர் அதைப் பார்க்கவில்லை. ரேடியோ காத்திருந்தாள். கடைசியில் வந்தது, பலவீனமாக ஒரு தட்டு. பக்கவாதம் என்று சூப்பர்வைசர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இதற்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். போன் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று திரை காட்டியது, ஆனால் அந்தப் பகுதியில் கொத்துக் கொத்தாகக் குடியிருப்புகள். எந்த வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மீசைக்காரர் தன் திரையிலும் அதைப் பார்த்து ஏற்கெனவே வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். ரேடியோ தாளில் எழுதி, அவரிடம் கொடுக்கும்படி சூப்பர்வைசரிடம் நீட்டினாள்: சைரனை நிறுத்தாமல் ஒவ்வொரு தெருவாகப் போகச் சொல்லுங்கள், எனக்குப் போனில் கேட்கிறதா பார்க்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள். அந்த வீட்டில் ஒரு கடிகாரம் ஓடியது. குழாய் ஒன்று சொட்டியது. எங்கோ பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொன்னார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள், மீசைக்காரர் அதை வண்டிக்குச் சொன்னார். நிமிடங்கள் நகர்ந்தன. தட்டு நின்றுபோனது. “நான் இருக்கேன்,” என்று ரேடியோ மறுபடி சொன்னாள். பதில் இல்லை. பிறகு, மிக மெல்லியதாக, கொசு ரீங்காரம் மாதிரி, சைரன்.

“கேக்குது,” என்றாள். “இன்னும் போகச் சொல்லுங்க. கூடுது. இன்னும் கூடுது. இல்ல, குறையுது, தாண்டிட்டாங்க. திரும்பச் சொல்லுங்க.”

மீசைக்காரர் சொல்லுக்குச் சொல் வண்டிக்குக் கடத்தினார். குறைந்த சத்தம் மறுபடி கூடியது. கூடியது காதைக் கிழித்தது. “அங்கதான், நிறுத்துங்க” என்றாள். சைரன் நின்றது. காலடிகள், கதவுகளைத் தட்டுகிற சத்தம், ஒன்று, அடுத்தது. இந்தக் கதவு என்றாள், இதுதான் பக்கத்தில் கேட்கிறது. பூட்டை உடைக்கிற சத்தம் அறையில் இருந்த எல்லாருக்கும் ரேடியோவின் ஹெட்செட்டிலிருந்து கசிந்தே கேட்டது. யாரோ போனைக் கையில் எடுத்தார்கள்.

“ஆள் இருக்காங்க. கண்ணு முழிச்சிருக்காங்க. தூக்கறோம்.”

அறை வெடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது, அழைப்பில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே மேசையைத் தட்டினார்கள். ரேடியோ ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தட்டியவர் வீட்டிலேயே துணி தைக்கிற ஓர் அம்மாள் என்று பிறகு தெரிந்தது. ஒரு பக்கம் விழுந்துபோய், வாயும் கோணி, சார்ஜர் ஒயரை நல்ல கையால் பிடித்து இழுத்துப் போனை மேசையிலிருந்து தள்ளியிருக்கிறார். அதே கையால் அவசர எண்ணை அழுத்தியிருக்கிறார். தட்டியது கத்தரிக்கோலால். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், நடப்பார் பேசுவார் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது.

மீசைக்காரர் எழுந்து வந்து அவள் மேசையருகே நின்றார்.

“எந்த முகாம்?” என்றார். அவள் சொன்னாள். தான் சின்ன வயதில் போனது வேறு என்றும், கை மட்டும் இதே கைதான் என்றும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாளைக்கு வந்து நிரந்தர ஆணையை வாங்கிக்கோங்க,” என்றார். அவள் எழுந்து நிற்பதற்குள் சேர்த்துக்கொண்டார்: “ஆனா வழுக்கி விழுந்தவங்ககிட்ட கொஞ்சம் சீக்கிரம் முடிங்க.”

வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் அப்பா இல்லை, அடைத்துவிட்டு மேலே போயிருந்தார். படியேறும்போதே வீட்டுச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். பெரிய அண்ணன் போக்குவரத்து நெரிசலைப் பற்றி, சின்ன அண்ணன் எவனோ ஒரு வாடிக்கையாளரைப் பற்றி, அப்பா இருவருக்கும் புத்திமதியாக, அத்தை தனக்குத்தானே. ரேடியோ வாசலில் நின்று, வேலை நிரந்தரமாகிவிட்டது என்றாள். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னாள். அப்பா பக்கத்துக் கடைக்காரரின் தலைமுடிக்குத் தாவியிருந்தார்.

அம்மா மட்டும் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அழுது சிவந்த கண், ஆனால் சிரிப்பு. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சலவை இயந்திரங்களுக்கு மேலே கத்திப் பழகிய அந்த அம்மா, கத்தவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கை தெரியும்படி மேலே உயர்த்தினாள். அத்தனை வருடம் கழித்து, அப்படியே, கொஞ்சமும் பிசகாமல்.

சின்ன அண்ணன்தான் முதலில் பார்த்தான். அவன் கை போனது. பிறகு பெரியவன். அப்பா பாதி வாக்கியத்தில் நின்று, வாயைத் திறந்தபடியே கையைத் தூக்கினார். எல்லாரையும் சுற்றிப் பார்த்துவிட்டு அத்தையும் தூக்கினார். அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று ஓடுகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இப்ப நீ பேசு,” என்றாள் அம்மா. “நாங்க கேக்கறோம்.”